ஆறு மணி நேரம் மதிப்புள்ள வார்டு

எட்டுப் படுக்கைகள், ஐந்து சிஸ்டர்கள், ஒரு டாக்டர், ஒரு நீள வராந்தா, வலி மருந்தை உடம்புக்குள் சொட்டுச் சொட்டாக அனுப்ப ஆளுக்கொரு சின்ன பம்ப். இத்தனையும் சேர்ந்த அந்த வார்டின் மதிப்பு ஆறு மணி நேரம் என்று என் கம்ப்யூட்டர் சொன்னது. மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் ஆறு மணி நேரம்தான். நாலாவது முறை போட எனக்குப் பொறுமை இல்லை. பொறுமைக்கும் எனக்கும் என்றைக்குமே ஆகாது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எதற்கு எவ்வளவு மதிப்பு என்று அளந்து சொல்லும் நிறுவனம் எங்களுடையது. பாலம் கட்டினால் ஊருக்கு எத்தனை நிமிஷம் மிச்சம், பூங்கா வைத்தால் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் குறையும் என்றெல்லாம் அளப்போம். பாலத்திடம் போய்க் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்பதால் அதெல்லாம் சுலபம். இந்த முறை வந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மேல்மாடி வார்டு. இனி குணமாகாது என்று ஆனவர்கள் கடைசி நாட்களை வலியில்லாமல் கழிப்பதற்கான இடம். அதைத் தொடர்ந்து நடத்தலாமா, இல்லை மூடிவிட்டு அங்கே ஸ்கேன் மெஷினை வைக்கலாமா என்று ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள்.

நான் கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி. "உங்களுக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளும் கீழே பொது வார்டில் இருக்கலாம். அல்லது அதைவிடக் குறைவான நாள் இந்த வார்டில் இருக்கலாம். இங்கே இருப்பதற்காக எத்தனை நாளை விட்டுக்கொடுப்பீர்கள்?" அதிக நாளை விட்டுக்கொடுத்தால் அந்த இடம் அவர்களுக்கு அவ்வளவு உசத்தி என்று அர்த்தம். சராசரி ஐந்து நாளைத் தாண்டினால் வார்டு பிழைக்கும். தாண்டாவிட்டால் மாதக் கடைசியில் எல்லோரும் கீழே போகவேண்டியதுதான்.

வந்தது கால் நாள். ஆறு பேர் "கால் நாள்" என்றார்கள். லாரி டிரைவர் மட்டும் தாராள மனசோடு "அரை நாள்" என்றார். மூன்றாம் நம்பர் படுக்கைக்காரர் "ஒண்ணும் கிடையாது, போயிட்டு வாம்மா" என்றார்.

எங்கள் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "எவ்வளவு சுத்தமான டேட்டா பாருங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க" என்றார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். மனிதர்கள் எந்த விஷயத்திலும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள். அதிலும் நான் கேள்வி கேட்கப் போன அன்று அந்த வார்டில் கேட்ட சிரிப்பில் பக்கத்து வார்டு டாக்டரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்படிச் சிரிக்கிறவர்கள் அந்த இடத்துக்குக் கால் நாள் விலை வைப்பார்களா? எங்கேயோ இடிக்கிறது என்று செவ்வாய்க்கிழமை காலையில் லிஃப்ட் ஏறினேன்.

மூன்றாம் நம்பர்க்காரர் மொத்த மார்க்கெட்டில் முப்பத்தெட்டு வருஷம் காய்கறி ஏலம் விட்டவர். உடம்பு பாதியாகிவிட்டது, குரல் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. நான் கதவைத் திறந்ததும், "வந்துட்டா பாருங்க. விலையை ஏத்திக் கேக்க வந்திருக்கா. யாரும் அசையாதீங்க" என்று அறிவித்தார்.

"எந்த விலையை ஐயா?"

"நீ வாங்க வந்தவ. நாங்க விக்கிறவங்க. முப்பது நாள்ல எவ்வளவு கழிச்சுக்கலாம்னு கேட்டா என்ன அர்த்தம்? நாளைப் புடுங்க வந்திருக்கேன்னு அர்த்தம். முதல் தடவை கேக்கறவங்ககிட்ட யாராவது நெஜ விலையைச் சொல்வாங்களா? அதான் எல்லாருக்கும் கால் நாளுக்கு மேல வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சேன்."

"நான் அரைன்னு சொல்லிட்டேன்" என்றார் லாரி டிரைவர் ஆறாம் நம்பரிலிருந்து, குற்ற உணர்ச்சியோடு.

"உன்னாலதான் சராசரி கெட்டுப்போச்சு" என்றார் எதிர்ப் படுக்கையிலிருந்த ரிட்டயர்டு கணக்கு டீச்சர்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். யாரும் யாருடைய நாளையும் எடுக்கப்போவதில்லை. இது கற்பனைக் கேள்வி. நீங்கள் எவ்வளவு கம்மியாகச் சொல்கிறீர்களோ அந்த அளவுக்கு இந்த வார்டு உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து உங்கள் வார்டை ஆறு மணி நேரத்துக்கு அடிமாட்டு விலையில் தள்ளிவிட்டீர்கள்.

கணக்கு டீச்சர்தான் ஆரம்பித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம், அப்புறம் தோள் குலுங்கல், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே சிரிப்பு. "முப்பத்தெட்டு வருஷம் ஏலம் விட்டவரு, சொந்த வீட்டையே..." என்று முடிக்க முடியாமல் சிரித்ததில் பம்பின் குழாய் மடங்கி அது கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடிவந்து குழாயை நேராக்கினார். விஷயம் தெரிந்ததும் அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வார்டே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிரிக்காதவர் ஏலக்காரர் ஒருவர்தான். கட்டிலை ஒட்டிய மடக்கு நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அதிலேயே தூங்கி, அதிலிருந்தபடியே கணவரோடு நாள் முழுக்கச் சண்டை போடுகிறவர். தலையணை உயரத்துக்கு ஒரு சண்டை, ஜன்னல் திறப்புக்கு ஒரு சண்டை, இரண்டாவது மருமகனின் குணத்தைப் பற்றி ஒரு முடிவில்லாத சண்டை. ஏலக்காரர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கீழ வார்டுல சொந்தக்காரங்க இருக்கலாமா?"

"சாயங்காலம் நாலுலேருந்து அஞ்சு வரைக்கும்."

"ஒரு மணி நேரம்."

"ஆமாம் ஐயா."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தன் சாமர்த்தியத்தால் தன் மனைவியையே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டோம் என்று அந்த மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. "மறுபடி கேளும்மா. இந்தத் தடவை ஒழுங்கா சொல்றோம்" என்றார். அந்தக் குரலில் ஏலம் இல்லை. நான் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய் மேனேஜருக்கு போன் போட்டேன்.

"டேட்டா தப்பு சார்."

"சுத்தமா இருக்கே."

"சுத்தமாத்தான் இருக்கு. ஒருத்தர் சொல்லிக் குடுத்து எல்லாரும் ஒப்பிச்சிருக்காங்க."

மேனேஜர் நல்லவர்தான். விதியைக் கண்டால் மட்டும் அவருக்குப் பக்தி வந்துவிடும். கேள்வியைப் புரிந்துகொள்ளாதவர்களிடம் ஒரே ஒரு முறை திரும்பக் கேட்கலாம் என்று விதியில் இருப்பதை இருபது நிமிஷம் தேடிக் கண்டுபிடித்தார். ஆனால் வியாழக்கிழமை தானும் கூட இருப்பேன் என்றார். வெள்ளிக்கிழமை அறிக்கை போகவேண்டும்.

வியாழக்கிழமை மேனேஜர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, தனித்தனியாகக் கேட்கவேண்டும் என்று உத்தரவு. ஆஸ்பத்திரித் திரை எத்தனை கெட்டி என்று எல்லோருக்கும் தெரியும். லாரி டிரைவரிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்து "பன்னெண்டு" என்றார்.

"பதிமூணு" என்றது அடுத்த திரை.

"உங்களை இன்னும் கேக்கல" என்றார் மேனேஜர்.

"பதினாலே கால்" என்றார் கணக்கு டீச்சர். அந்தக் கால் இல்லாமல் அவரால் ஒரு எண்ணைச் சொல்ல முடியாது போலிருக்கிறது.

"பதினஞ்சு."

"பதினெட்டுக்கு நான் வரேன்" என்று ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மூன்று நாளாக யாரிடமும் பேசாதவர். சிஸ்டர் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் கட்டிலுக்கு ஓடினார்.

"செல்லாது. எதுவுமே செல்லாது" என்றார் மேனேஜர். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுல விழுந்தா அது பதிலே இல்ல. தனி ரூம் எதாவது இருக்கா?"

இருந்தது ஒன்றே ஒன்று. போர்வையும் தலையணை உறையும் அடுக்கி வைத்திருக்கும் துணி அறை. அதற்குள் கட்டிலைத் தள்ளினால் முக்கால் பாகம் உள்ளே போகும், கால்மாடு வராந்தாவில் நிற்கும். அப்படியே ஆகட்டும் என்றார் மேனேஜர். சிஸ்டர்கள் ஒவ்வொரு கட்டிலாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாதமாக அதே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கு டீச்சர் வராந்தாவை இன்னொரு சுற்று சுற்றிக் காட்டச் சொன்னார். லாரி டிரைவர் திருப்பத்தில் சிஸ்டருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். உள்ளே கதவைச் சாத்தவும் முடியாமல், நானும் மேனேஜரும் போர்வை அடுக்குக்கு நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்று ஏழு பேரிடம் கேட்டோம்.

தனியாகக் கேட்டபோது அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள். மூன்று. ஏழு. நாலே முக்கால், இது யாரென்று சொல்லவேண்டியதில்லை. ஒருவர் ரொம்ப நேரம் யோசித்து, பேத்திக்குப் பிறந்தநாள் வருகிறது, இரண்டுக்கு மேல் முடியாது என்றார். வார்டு பிடிக்காமல் இல்லை. நாள் அவ்வளவு அருமை. ஏழு பேரையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். சராசரி ஐந்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

கடைசியாக ஏலக்காரரின் கட்டில் வந்தது. கூடவே, பம்பைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் மனைவி.

"சொந்தக்காரங்க வரக்கூடாது" என்றார் மேனேஜர்.

"பம்பை நீங்க புடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள். மேனேஜர் பம்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், நகர்ந்து இடம் கொடுத்தார்.

நான் கேள்வியைப் படித்தேன். உங்களுக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வெச்சுக்க முடியாதும்மா" என்றார் ஏலக்காரர். "கூடையில எவ்வளவு இருக்குன்னு தெரியாம நான் விலை சொன்னதே இல்ல. காலைல டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். பத்து நாள்னு சொன்னார். பத்துல கேளு."

மேனேஜர் பேப்பரைப் புரட்டினார். பத்தில் கேட்கக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பத்தில் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஒன்பது."

"ஐயா, ஒன்பது குடுத்தா உங்களுக்கு மிச்சம் ஒரே ஒரு நாள்."

"தெரியும்."

"முப்பதுக்கு மாத்தினா இருபத்தேழு" என்றார் மேனேஜர் என் காதில். "மத்தவங்க பதில்லேருந்து ரொம்ப விலகி இருக்கு. இதை எடுத்துடணும். காரணம் இல்லாம இப்படி ஒரு நம்பரை வெச்சுக்க முடியாது."

"அவரைக் கேக்காமலே காரணம் இல்லைன்னு எப்படி சார் சொல்றீங்க?" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது.

ஏலக்காரருக்கும் கேட்டுவிட்டது. "காரணம்தானே? எழுதிக்கோங்க. கீழ பத்து நாள் இருந்தா இவ என்கூட பத்து மணி நேரம் இருப்பா. இங்க ஒரு நாள் இருந்தா இருபத்து நாலு மணி நேரம் இருப்பா. பதினாலு மணி நேரம் எனக்கு லாபம். இதுல ஏமாந்து போறதுக்கு நான் என்ன நேத்து மார்க்கெட்டுக்கு வந்தவனா?"

மேனேஜர் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து உண்மையாகவே தட்டிப் பார்த்தார். பதினாலு. அதை விரலால் மறைத்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏலக்காரரைக் கட்டிக்கொள்ளலாம் போல ஒரு சந்தோஷம். வார்டு பிழைத்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பம்பை வைத்துக்கொண்டிருந்தவர் பேசினார்.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"என்னது?"

"ஒன்பது நாள். அது உங்க நாள் மட்டும்தானா? எனக்கும்தானே அது? நாப்பத்தொரு வருஷத்துல ஒரு மேசை வாங்கினாக்கூட நான் உங்களைக் கேட்டிருக்கேன். நீங்க ஒன்பது நாளைத் தூக்கி இந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு லாபம்னு சொல்றீங்க." அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் கொஞ்சமும் இல்லை. "அழிம்மா. ஒண்ணும் குடுக்கறதா இல்லைன்னு போடு. பத்து நாளும் எனக்கு வேணும். இங்கயே வேணும். ஒண்ணைக் குடுத்தாத்தான் ஒண்ணுன்னு எதுக்குக் கேக்கறீங்க? ரெண்டும் வேணும்னு சொல்றதுக்கு உங்க பேப்பர்ல இடமே இல்லையா?"

இல்லை. இருபத்திரண்டு பக்கத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அழித்தால் வார்டு போய்விடும் என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விடுவது அதைவிடக் கேவலம்.

ஏலக்காரர்தான் சொன்னார். "இவளே, இங்க பாரு. விலை சொல்றது வேற, விக்கறது வேற. நான் எதையும் விக்கல. இந்த இடம் எவ்வளவு பெறும்னு கேக்கறாங்க. ஒன்பது பெறும்னு சொல்றேன். சொன்னாத்தான் பத்தும் இங்கயே கிடைக்கும். போன தடவை நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததுலதான் உன்னை சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் வர்றவளா ஆக்கப் பாத்தேன்."

"நெஜமா குடுக்கலியே?"

"ஒரு நிமிஷம்கூடக் குடுக்கல."

அந்த அம்மாள் பம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்றார். உடனே சண்டைக்கும் வந்துவிட்டார். "ஆனா ஒன்பதைத் தள்ளிட்டு ஒண்ணை வெச்சுக்கறேன்னீங்களே. அந்த ஒண்ணு எந்த நாள்?"

"அதை ஏன் இப்பவே சொல்லணும்" என்றார் ஏலக்காரர். மேனேஜர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அது முதல் தடவை. சிரித்துக்கொண்டே ஒன்பது என்ற எண்ணுக்குப் பக்கத்தில், 'காரணம் உண்டு, கணக்கு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சராசரி ஏழரை நாளைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை அறிக்கை போயிற்று. திங்கட்கிழமை கமிட்டி கூடி, வார்டை இன்னும் இரண்டு வருஷம் நடத்துவது என்று முடிவு செய்தது. சிஸ்டர் போனில் சொன்னபோது பின்னாலிருந்து ஒரே கூச்சல். "ரெண்டே கால் வருஷம் கேட்டிருக்கணும்" என்ற கணக்கு டீச்சரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஆபீஸில் நான் போனை வைத்துவிட்டு நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். எனக்கு வயது நாற்பத்து நாலு.

எங்கள் விதிப்படி, ஒருவர் போனபின் ஒரு மாதம் கழித்து, கூட இருந்து பார்த்துக்கொண்டவரைப் போய்ப் பார்த்து, அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டு எழுதவேண்டும். ஏலக்காரர் பதினோரு நாள் இருந்தார். ஒரு மாதம் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் என்னை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தார். கேள்வியை நான் எடுக்கும் முன் அவரே ஆரம்பித்தார்.

"தெனம் காலைல எழுந்ததும் அவரைக் கேப்பேன். நீங்க வெச்சுக்கறேன்னு சொன்ன அந்த ஒரு நாள் இன்னைக்கான்னு. ஜன்னலைப் பாப்பார், என்னைப் பாப்பார், இது இல்லம்பார். இன்னும் நல்லது வரும், நாளைக்குப் பாப்போம்பார். அன்னைக்குப் பூரா அதுக்கு ஒரு சண்டை. நேத்து ராத்திரி நல்லாத்தானே பேசிட்டிருந்தோம், அதுக்கு என்ன குறைச்சல்னு நான். அதுல உன் மருமகன் வந்துட்டுப் போனானேன்னு அவர். பத்து நாளும் இதே கூத்து. டாக்டர் சொன்ன கணக்கு முடிஞ்சு பதினொண்ணாவது நாளும் வந்துடுச்சு. எனக்கு ஒரே பெருமை."

அவர் தன் டீயைக் குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை.

"அன்னைக்கு மட்டும் கேக்கலம்மா. நல்லாத் தூங்கிட்டு இருந்தார். எழுப்ப வேண்டாம், எழுந்ததும் கேப்போம்னு கையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்" என்றார். "அதனால நானேதான் முடிவு பண்ணிக்கிட்டேன். அந்த நாள்தான்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.